உலக சாம்பியன் ஜெர்சியை நான் போடக்கூடாதா?

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு வாசகர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆள் யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

அவருக்கு 43 வயது. சர்க்கரை எட்டிப்பார்க்கிறது என்று டாக்டர் எச்சரித்ததில் இரண்டு வருடத்துக்கு முன் ஒரு ரோடு பைக் வாங்கி ஓட்ட ஆரம்பித்திருக்கிறார். ஞாயிறுதோறும் இருட்டோடு கடலூரில் கிளம்பி, முள்ளோடை, கிருமாம்பாக்கம், அரியாங்குப்பம் வழியாகப் புதுச்சேரி கடற்கரைச் சாலைக்கு வந்து, அங்கே கூடும் குழுவோடு ஈ.சி.ஆரில் மரக்காணம் உப்பளம் வரை போய்த் திரும்புவார். அவருடைய அக்கா புதுச்சேரியில் வாக்கப்பட்டு இப்போது கணவரோடு பிரான்ஸில் இருக்கிறார். போன லீவுக்கு வந்த மாமா இரண்டு ஜெர்சி கொண்டுவந்தார். மச்சினனுக்கு வெள்ளையில் ஐந்து வண்ண வரி ஓடும் உலக சாம்பியன் ஜெர்சி. அவருடைய 12 வயது மகளுக்கு வெள்ளையில் சிவப்புப் புள்ளி போட்டது.

அடுத்த ஞாயிறு இருவரும் அதைப் போட்டுக்கொண்டு காந்தி சிலை பக்கம் போய் நின்றிருக்கிறார்கள். குழுவில் மூத்தவர் ஒருவர், 600 கிலோமீட்டர் பிரெவே (குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் ஓட்டம்) எல்லாம் முடித்தவர், "உலக சாம்பியன் வந்துட்டாருப்பா, வழி விடுங்க" என்று சத்தமாகச் சொல்ல, கூட்டமே சிரித்தது. அப்பாவும் மகளும் நின்ற போட்டோவில் அப்பா தலையில் ஒரு கிரீடத்தை ஒட்டி வாட்ஸ்அப் குழுவிலும் போட்டுவிட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் மகள், "நீ என்னப்பா தப்பு பண்ணுனே?" என்று கேட்டிருக்கிறாள். அதற்கு இவருக்குப் பதில் தெரியவில்லை. நான்கு ஞாயிறாக அவர் அந்தப் பக்கமே போகவில்லை.

அவர் கேட்பது இவை. இந்த ஜெர்சியைப் போடுவது சட்டப்படி குற்றமா? சைக்கிள்காரர்களிடம் அப்படி ஒரு மரபு நிஜமாகவே இருக்கிறதா, இல்லை இவர்களாகச் சொல்கிறார்களா? அந்த மூத்தவருக்கு வக்கீல் நோட்டீஸ் விடலாமா? கடைசியாக, போகிறபோக்கில் ஒன்றைச் சொல்கிறார்: தன் தெருவில் இருக்கும் பிள்ளைகள் 25 பேருக்கு ஒரு பிரபல ஐரோப்பிய சைக்கிள் அணியின் ஜெர்சியை அப்படியே அச்சடிக்கத் திருப்பூரில் ஆர்டர் கொடுத்து 5,000 ரூபாய் அட்வான்ஸும் கட்டிவிட்டாராம், ஷார்ட்ஸ் பக்கவாட்டில் தேசியக் கொடியும் வருமாம், அதில் ஒன்றும் பிரச்சினை இல்லையே என்று கேட்கிறார்.

அன்புள்ள வாசகருக்கு,

நான் புதுச்சேரியில் வழக்கறிஞர். பல வருடமாக அதே ரோட்டில் சைக்கிளும் ஓட்டுகிறேன். உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். நீங்கள் எதற்காக ராத்திரி தூக்கம் கெட்டுக் கிடக்கிறீர்களோ அதில் சட்டச் சிக்கல் துளிகூட இல்லை, கடைசி நான்கு வரியில் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போன விஷயத்தில்தான் இருக்கிறது. அதற்கு வருகிறேன். முதலில் மனசைப் போட்டு அரிப்பதைப் பேசிவிடுவோம்.

போடுவது குற்றமில்லை

உங்கள் மாமா காசு கொடுத்து வாங்கித் தந்த துணியை நீங்கள் உடம்பில் போட்டுக்கொண்டு ரோட்டில் போவதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. வர்த்தகச் சின்னங்கள் சட்டம், 1999 என்பது வியாபாரத்தில் ஒருவர் சின்னத்தை இன்னொருவர் பயன்படுத்துவதைப் பற்றிப் பேசுகிறது, சொந்தத்துக்கு உடுத்துவதைப் பற்றி அல்ல. போலீஸ், ராணுவ உடையைப் போட்டு ஊரை நம்பவைத்தால் அது குற்றம். சைக்கிள் ஜெர்சி அந்தக் கணக்கில் வராது. சர்வதேச சைக்கிள் சம்மேளனமான யு.சி.ஐ. அந்த ஐந்து வரிகளும் தன் உடைமை, அனுமதி இல்லாமல் யாரும் அச்சடிக்கக்கூடாது என்று விதியில் எழுதி வைத்திருப்பது உண்மைதான். ஆனால் அந்த விதி அவர்களிடம் உரிமம் வாங்கிப் போட்டியிடும் வீரர்களுக்கும் உடை தயாரிப்பவர்களுக்கும் உள்ளது, கடலூரிலிருந்து டீ குடிக்க வருகிறவரைத் தேடி வராது. அனுமதியோடு தயாரித்த ஜெர்சியை ரசிகர்களுக்கு அவர்களே விற்கிறார்கள், உங்கள் மாமா வாங்கியதும் அப்படித்தான் இருக்கும். ஆகவே பயத்தை விடுங்கள். நாளைக்கு சம்மேளனம் நடத்தும் போட்டியில் பெயர் கொடுத்து நின்றால் மட்டும் கதை வேறு, அங்கே நடுவர் கழற்றச் சொல்லலாம்.

மரபு இருக்கிறது, அது நேற்று முளைத்ததல்ல

இங்கே உங்களைக் கொஞ்சம் திருத்த வேண்டியிருக்கிறது. "கிரிக்கெட்டில் தோனி நம்பர் போட்ட மஞ்சள் பனியனை ஊரே போடுகிறது, அதுபோலத்தானே இதுவும்" என்று எழுதியிருக்கிறீர்கள். இல்லை. தோனி நம்பர் போட்ட பனியன் "நான் இவர் ரசிகன்" என்று சொல்கிறது. வானவில் ஜெர்சி எனப்படும் இந்த ஐந்து வரி ஜெர்சி "நான் ஜெயித்தவன்" என்று சொல்கிறது. இரண்டும் கடையில் ஒரே அலமாரியில் தொங்கினாலும் சொல்லும் சேதி வேறு.

நம் ஊர்க் கோயிலில் பரிவட்டம் கட்டுவார்களே, அதை நினைத்துப் பாருங்கள். அந்தத் துணியை சன்னதித் தெருவில் யார் வேண்டுமானாலும் வாங்கலாம், விலையும் பெரிதில்லை, வாங்கினால் போலீஸ் பிடிக்காது. ஆனால் திருப்பாதிரிப்புலியூரில் தேரோடும் நாளில் யாராவது தானாகவே ஒன்றைத் தலையில் சுற்றிக்கொண்டு வடத்துக்கு முன்னால் போய் நிற்பார்களா? அதை இன்னொருவர் கட்டிவிட வேண்டும், அதில்தான் மரியாதையே இருக்கிறது. ஐந்து வரி ஜெர்சியும் அப்படிப்பட்டதுதான், மேடையில் ஏறியவருக்கு இன்னொருவர் போட்டுவிடுவது.

மேலிருந்து நீலம், சிவப்பு, கறுப்பு, மஞ்சள், பச்சை, இதுதான் அதன் வரிசை. தொழில்முறை வீரர்களுக்கான முதல் சாலை உலகப் போட்டி 1927-இல் ஜெர்மனியில் நூர்பர்க்ரிங்கில் நடந்தது, ஜெயித்தவர் இத்தாலியின் ஆல்ஃப்ரெடோ பின்டா. அதிலிருந்து, இரண்டாம் உலகப் போர்க் காலம் தவிர, வருடத்துக்கு ஒருவர். ஜெயித்தவருக்கும் அது நிரந்தரச் சொத்து அல்ல, அடுத்த சாம்பியன் வரும்வரைதான். அந்த ஒரு வருடத்திலும் எந்தப் பிரிவில் ஜெயித்தாரோ அந்தப் பிரிவில் மட்டும்தான் போடலாம். ஒவ்வொருவராகக் கடிகாரத்தோடு போட்டியிடும் தனிநேர ஓட்டத்தில் உலக சாம்பியன் ஆனவர் மறுநாள் கூட்டமாக ஓட்டும் சாலைப் போட்டிக்குத் தன் அணி ஜெர்சியில்தான் வரவேண்டும். பிரான்ஸின் பொலீன் ஃபெரான் பிரெவோ 2015-இல் சாலை, சைக்ளோகிராஸ் (சேறும் புல்லும் கலந்த தடத்தில் ஓட்டுவது), மலைப்பாதை என மூன்று பிரிவிலும் ஒரே சமயத்தில் உலகப் பட்டத்தை வைத்திருந்தார். அப்படிப்பட்டவருக்கும் ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனி வெற்றி, தனித்தனி ஜெர்சி.

வருடம் முடிந்ததும் முழு ஜெர்சியை இறக்கி வைத்துவிட வேண்டும். கழுத்துப் பட்டியிலும் கைவிளிம்பிலும் மட்டும் மெல்லிசாக அந்த ஐந்து நிறம் ஓடும், அதை ஓட்டுகிற காலம் முழுக்க வைத்துக்கொள்ளலாம். டிவியில் பந்தயம் பார்க்கும்போது கவனித்துப் பாருங்கள், ஐம்பது அறுபது பேர் குவிந்து வரும் கூட்டத்தில் யாரோ ஒருவர் கையை உயர்த்தி டீம் காரைக் கூப்பிடுவார், கைவிளிம்பில் அந்த வரி தெரியும், உடனே வர்ணனையாளர் "இவர் இன்ன வருடம் ஜெயித்தவர்" என்று ஆரம்பிப்பார். 2024-இல் சூரிச்சில் நடந்த சாலை உலகப் போட்டியில் ஸ்லோவேனியாவின் ததேய் பொகாச்சர் முடிக்க இன்னும் 100 கிலோமீட்டர் இருக்கும்போதே கூட்டத்தை விட்டுக் கிளம்பி, கடைசிப் பகுதியைத் தனியாகவே ஓட்டி அந்த வரிகளை வாங்கினார், அடுத்த வருடம் கிகாலியிலும் வாங்கினார். இவ்வளவு சிரமத்துக்குப் பின்னால் வருவதாலும், வருபவருக்கும் இவ்வளவு கட்டுப்பாடு இருப்பதாலும், அதைச் சும்மா போடுவதைச் சைக்கிள்காரர்கள் விரும்புவதில்லை. நாட்டு சாம்பியன்களின் கொடி நிற ஜெர்சிக்கும் இதே கதைதான்.

நான் இதைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. சில வருடத்துக்கு முன் மரக்காணம் பக்கம் டீக்கடையில் ஒரு பையனைப் பார்த்தேன், 19 வயது இருக்கும், மாவட்ட அளவில் ஜெயித்தவன். போட்டிருந்த ஜெர்சியில் மார்பில் இருந்த எழுத்து பாதி உரிந்து "மாவட்" வரைதான் இருந்தது. அம்மா கல்லில் அடித்துத் துவைத்து எழுத்து போய்விட்டது, அதற்கப்புறம் தானே பக்கெட்டில் ஷாம்பு போட்டு அலசி நிழலில் காயப்போடுகிறேன் என்றான். பிராக்டிஸுக்கு அதைப் போடவே மாட்டானாம். அன்றைக்குப் போட்டி இருந்ததால் போட்டு வந்தேன் என்று சொல்லிவிட்டு, டீ சிந்திவிடாமல் கிளாஸைத் தள்ளிப் பிடித்துக் குடித்தான். அன்றிலிருந்து ஜெயித்தவர்களின் ஜெர்சி என்றால் எனக்கு அந்தப் பையன் கிளாஸைப் பிடித்த விதம்தான் ஞாபகம் வரும்.

சரி, உங்கள் ஜெர்சியை என்ன செய்வது? என் கருத்தைக் கேட்டால், குழு ஓட்டத்துக்கும் போட்டிக்கும் போடாதீர்கள். சில்வர் பீச்சில் சாயங்காலம் நடக்கும்போது போடுங்கள், வீட்டுக்குள் சைக்கிளை மாட்டி நின்ற இடத்தில் மிதிக்கும் டிரெய்னரில் ஓட்டும்போது போடுங்கள், தாராளமாக. மாமாவிடம் எதுவும் சொல்லி அவர் மனசை வருத்த வேண்டியதில்லை, ஆசையாக வாங்கி வந்திருக்கிறார். இது சட்டமில்லை, மரியாதை மட்டும்தான். "எனக்குப் பிடிச்சிருக்கு, போடுவேன்" என்று நீங்கள் முடிவெடுத்தாலும் அது உங்கள் உரிமை. யாராவது கேட்பார்கள், அவ்வளவுதான்.

மற்ற ஜெர்சிகளில் இவ்வளவு கெடுபிடி கிடையாது

உங்கள் மகளின் புள்ளி ஜெர்சியில் ஒரு தப்பும் இல்லை. அது பிரான்ஸின் பெரிய சைக்கிள் பந்தயமான டூர் தெ பிரான்ஸில் மலையேற்றத்தில் முன்னால் இருப்பவருக்கு 1975 முதல் தரப்படுவது என்றாலும், பந்தயத்துக்கு முன்னால் போகும் விளம்பர வண்டிகளிலிருந்து அதே புள்ளி போட்ட தொப்பியையும் பனியனையும் ரோட்டோரம் நிற்கும் ஜனங்களுக்கு வாரி வீசுவார்கள். மலைமேல் நிற்கும் குழந்தைகள் பாதிப்பேர் புள்ளியில்தான் இருப்பார்கள். அவள் தினமும் போட்டுக்கொண்டு ஓட்டட்டும்.

அதே டூரில் மொத்த நேரத்தில் முன்னால் இருப்பவர் போடும் மஞ்சள் ஜெர்சி கொஞ்சம் இடைப்பட்டது. பந்தயத்தை நடத்திய லோட்டோ என்ற பத்திரிகை மஞ்சள் காகிதத்தில் வந்ததால் 1919-இல் அந்த நிறம் வந்தது, முதலில் போட்டவர் எஜேன் கிரிஸ்தோஃப். இத்தாலியப் பந்தயத்தின் ரோஸ் ஜெர்சியும் அதேபோல் 1931-இல் ரோஸ் காகிதப் பத்திரிகையிலிருந்து வந்ததுதான். நினைவுப்பொருளாக ஏகப்பட்ட பேர் இவற்றை வாங்கிப் போடுகிறார்கள், பெரும்பாலும் யாரும் கண்டுகொள்வதில்லை. போட்டி தொடங்கும் கோட்டில் போய் நின்றால் லேசாகச் சீண்டுவார்கள்.

அணி ஜெர்சியையும் போடக்கூடாது என்று அந்த மூத்தவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அது தவறு, நான் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். சாலைப் பந்தயத்துக்கு டிக்கெட் கிடையாது, ரோட்டோரம் நின்று யாரும் இலவசமாகப் பார்க்கலாம், அணிகள் பிழைப்பது விளம்பரதாரர் காசில்தான். மார்பில் அந்தக் கம்பெனி பெயரோடு நீங்கள் ஈ.சி.ஆரில் போனால் அந்த அணிக்கு நல்லதுதான் செய்கிறீர்கள். ஜெர்சி, ஷார்ட்ஸ், சாக்ஸ் வரை ஒரே அணியாகப் போட்டால் சிலர் முகம் சுளிப்பார்கள், அதை நான் கணக்கிலேயே எடுப்பதில்லை. எழுபதுகளில் எடி மெர்க்ஸ் என்ற பெரிய வீரர் ஓட்டிய மோல்டெனி அணியின் ஆரஞ்சு மாதிரி பழைய அணிகளின் ஜெர்சியைப் போட்டால் பெரியவர்கள் கூப்பிட்டுப் பேசவே செய்வார்கள். ஒன்றே ஒன்று: முழுக் கறுப்பு அணி உடையை மட்டும் விடியற்காலை நான்கே முக்காலுக்கு தேசிய நெடுஞ்சாலையில் போடாதீர்கள். லாரிக்காரர் கண்ணுக்கு நீங்கள் இல்லவே இல்லை. வேறு வழியில்லை என்றால் மேலே பளபளக்கும் வெஸ்ட்டை மாட்டுங்கள்.

அந்த மூத்தவர் விஷயம்

நோட்டீஸ் விடலாமா என்று கேட்டீர்கள். வேண்டாம். பாரதிய நியாய சன்ஹிதா 356-வது பிரிவில் அவதூறு குற்றம்தான், இரண்டு வருடம் வரை தண்டனையும் உண்டு. ஆனால் ஒரு கேலிப் பேச்சும் ஒரு கிரீடம் ஒட்டிய படமும் ஊரில் உங்கள் பெயரைக் கெடுத்தன என்று நிரூபிப்பது கஷ்டம், மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்கு வருடக்கணக்கில் அலைவீர்கள், அதற்குள் உங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் போய்விடும். அதற்காக அவர் செய்தது சரி என்று நான் சொல்லவில்லை. மரபு தெரிந்தவருக்குத் தெரியாதவரைத் தனியாகக் கூப்பிட்டு, "தம்பி, இதுக்கு ஒரு கதை இருக்கு" என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். பிள்ளை முன்னால் அப்பாவைச் சிரிப்புக்கு ஆளாக்கியது, ஒரு ஜெர்சியைப் போட்டதை விடப் பல மடங்கு பெரிய தவறு. அவரே 600 கிலோமீட்டர் பிரெவேயை 40 மணி நேரத்துக்குள் முடித்தவர் என்றால், பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ் 1,200 கிலோமீட்டர் ஓட்டி முடித்தவர்கள் அந்த ஓட்டத்தின் ஜெர்சியை எவ்வளவு பெருமையாகப் போடுகிறார்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். புதிதாக வந்த ஒருவரிடம் அந்தப் பெருமையை அழகாகச் சொல்லியிருக்கலாம்.

நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். குழுவில் எழுதாதீர்கள். அவருக்குத் தனியாகப் போன் பண்ணுங்கள். "அண்ணே, ஜெர்சி விவரம் எனக்குத் தெரியாது, இப்ப தெரிஞ்சுகிட்டேன். ஆனா அந்தப் போட்டோல என் பொண்ணு இருக்கா, அதை எடுத்துடுங்க" என்று சொல்லுங்கள். சின்னப் பிள்ளையின் படத்தை எடுக்கச் சொல்ல உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது, அதில் தயக்கமே வேண்டாம். பெரும்பாலும் மன்னிப்புக் கேட்டுவிடுவார். எடுக்க மறுத்தால் எனக்கு எழுதுங்கள், அப்போது அடுத்ததை யோசிப்போம். மகளிடம் உள்ளதைச் சொல்லுங்கள்: அப்பா தப்பு எதுவும் பண்ணவில்லை, அந்தச் சட்டையின் கதை அப்பாவுக்குத் தெரியாமல் இருந்தது.

திருப்பூர் ஆர்டரை இன்றைக்கே நிறுத்துங்கள்

இப்போது நான் கவலைப்படும் இடம். "விற்கவில்லை, லாபமும் இல்லை, ஒரு ஜெர்சிக்கு 650 ரூபாய் அடக்க விலை மட்டும் வாங்குகிறேன், மீதியை ஒரு சைக்கிள் கடைக்காரர் போடுகிறார், அவர் கடைப் பெயர் முதுகில் வரும், லோகோவில் ஒரு எழுத்தையும் மாற்றியாயிற்று" என்கிறீர்கள். நல்ல மனசோடுதான் செய்கிறீர்கள், ஆனால் இந்த நான்கில் ஒன்றுகூட உங்களைக் காப்பாற்றாது. காசு கை மாறுகிறது, கடைக்கு விளம்பரம் வருகிறது, இதை வியாபாரப் பயன்பாடு என்று தாராளமாக வாதாடலாம். பதிவு செய்த சின்னத்தைத் துணியில் அச்சிடுவதே அதைப் பயன்படுத்துவதாகும். ஒரு எழுத்தை மாற்றினாலும், பார்ப்பவர் அதுதான் என்று நினைக்கும்படி இருந்தால் மீறல்தான். ஒரு ஜெர்சியை விலைக்கு வாங்கினால் அந்த ஜெர்சிதான் உங்களுடையது, அதை நகலெடுக்கும் உரிமை கூடவே வருவதில்லை.

வர்த்தகச் சின்னங்கள் சட்டத்தில், பொய்யாகச் சின்னம் பொறிப்பதற்கு 103-வது பிரிவிலும், பொறித்ததை விற்பதற்கு 104-வது பிரிவிலும் ஆறு மாதத்திலிருந்து மூன்று வருடம் வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதமும் எழுதப்பட்டிருக்கிறது. ஐரோப்பாவில் இருக்கும் அணி கடலூர் கோர்ட்டுக்கு வந்து 25 ஜெர்சிக்காக வழக்குப் போடுமா என்றால், வாய்ப்பு மிகக் குறைவு, அதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். ஆனால் அச்சடித்துக் கொடுக்கும் திருப்பூர்க்காரருக்கு ஆபத்து உங்களை விட அதிகம். பெரிய பிராண்டுகளின் ஆட்கள் போலீஸோடு வந்து யூனிட்டில் சரக்கை அள்ளிப் போவது அங்கே புதிதில்லை. உங்கள் 25 ஜெர்சி அவர் பிழைப்பைக் கெடுக்க வேண்டாம்.

இதை விடவும் முக்கியம், ஷார்ட்ஸில் தேசியக் கொடி. அதைக் கட்டாயம் எடுத்துவிடுங்கள். தேசிய கௌரவத்துக்கு அவமதிப்பைத் தடுக்கும் 1971-ஆம் வருடச் சட்டத்தில் 2005-இல் செய்த திருத்தத்தின்படி, இடுப்புக்குக் கீழே அணியும் எதிலும் கொடியைப் பயன்படுத்தக்கூடாது, தண்டனை மூன்று வருடம் வரை. துணியில் கொடியை அச்சடிப்பதையும் அதே சட்டம் தடுக்கிறது, ஆகவே ஷார்ட்ஸில் வேண்டாம், ஜெர்சியில் போடலாமே என்றும் யோசிக்க வேண்டாம். இதற்கு ஐரோப்பாவிலிருந்து யாரும் வர வேண்டியதில்லை, பக்கத்துத் தெருக்காரர் ஒரு போட்டோவோடு ஸ்டேஷனுக்குப் போனால் போதும். நாட்டுப் பற்றில்தான் போட்டேன் என்று நீங்கள் சொன்னாலும், 25 பெற்றோரையும் சேர்த்து அலைய விட்டதாகிவிடும்.

பதிலுக்குப் பிள்ளைகளையே வரையச் சொல்லுங்கள். கெடிலம் ஆறு, தேவனாம்பட்டினம் படகு, பண்ருட்டிப் பலா, எதை வேண்டுமானாலும் வரையட்டும், திருப்பூர்க்காரரே அதைக் கம்ப்யூட்டரில் ஒழுங்குபடுத்தித் தருவார். அந்த ஐரோப்பிய அணியின் நிறம் பிடித்திருந்தால் நிறத்தின் சாயல் இருக்கட்டும், பெயரும் லோகோவும் அதே கட்டமைப்பும் வேண்டாம். சைக்கிள் கடைக்காரர் பெயரைப் போடுவதற்கு அவரிடம் ஒரு வரிக் கடிதம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இரவு ஓட்டம் உண்டென்றால் முதுகில் மூன்று பாக்கெட்டுக்கு மேலே ஒரு பளபளப்புப் பட்டை தைக்கச் சொல்லுங்கள்.

அச்சு இன்னும் ஆரம்பிக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள், நல்லதாகப் போயிற்று. போனில் மட்டும் சொல்லி விடாதீர்கள். "இந்த டிசைன் வேண்டாம், புது டிசைன் அனுப்புகிறேன், அட்வான்ஸை அதற்கு வரவு வையுங்கள்" என்று வாட்ஸ்அப்பிலோ மெயிலிலோ எழுத்தில் அனுப்பி, அவர் பதிலையும் அட்வான்ஸ் ரசீதையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். விஷயம் தெரிந்தவுடன் நிறுத்திவிட்டார் என்பதற்கு அதுதான் அத்தாட்சி. அவர் அட்வான்ஸைத் தர முடியாது என்றால் ரசீதை எனக்கு அனுப்புங்கள்.